தென்னாப்பிரிக்காவில் கார் காப்பீட்டுக்குப் பொய் சொன்னால் என்ன ஆகும்?

தமிழ்நாட்டில் வண்டி வாங்கும்போதே மூன்றாம் தரப்புக் காப்பீடு எடுத்தாக வேண்டும். அது இல்லாமல் சாலையில் இறங்குவதே குற்றம். தென்னாப்பிரிக்காவில் அந்தக் கட்டாயம் கிடையாது. டர்பனுக்கோ ஜோகன்னஸ்பர்க்குக்கோ வேலைக்கு வந்து முதல் கார் வாங்குகிறவர்கள் இதைக் கேட்டதும் ஆச்சரியப்படுவார்கள். இங்கே ஓடும் வண்டிகளில் பெரும்பகுதிக்குக் காப்பீடே இல்லை. கடனில் வாங்கிய வண்டி என்றால் மட்டும் வங்கி விடாது. கடன் தீரும்வரை முழுக் காப்பீடு வைத்திருக்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ளும்.

காப்பீடு நம் விருப்பம் என்பதால், அதில் சொல்லும் பொய்யும் நமக்கும் கம்பெனிக்கும் இடையிலான சின்ன விஷயம் என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். "இத்தனை வருஷமா பிரீமியம் கட்டறோம், ஒரு தடவை கொஞ்சம் கூட்டிச் சொன்னா என்ன?" என்ற பேச்சை இந்திய வம்சாவளியினர் வாழும் சாட்ஸ்வொர்த்திலும் கேட்கலாம், பீனிக்ஸிலும் கேட்கலாம், லெனேசியாவிலும் கேட்கலாம். அந்தப் பேச்சை நம்பி இறங்குகிறவர் தனக்கு நியாயமாக வர வேண்டிய பணத்தையும் சேர்த்து இழக்கிறார். எப்படி என்று விளக்கத்தான் இந்தக் கட்டுரை.

எது மோசடி?

மோசடி என்றதும் பெரிய கும்பலும் எரிக்கப்பட்ட காரும் நினைவுக்கு வரும். அப்படியும் நடக்கிறது. வண்டியை யாரிடமோ விற்றுவிட்டுத் திருடு போனதாகப் புகார் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். பேசி வைத்து இரண்டு வண்டிகளை மோதவிடுபவர்களும் இருக்கிறார்கள். ஆனால் சாதாரணக் குடும்பங்கள் மாட்டிக்கொள்வது இவற்றைவிடச் சின்னப் பொய்களில்தான்.

ஓர் உதாரணம். 21 வயது மகன் தினமும் வெஸ்ட்வில்லில் இருக்கும் பல்கலைக்கழக வளாகத்துக்கு ஒரு போலோ காரை ஓட்டிப் போகிறான். இளைஞர்களுக்குப் பிரீமியம் அதிகம். அதனால் பாலிசியில் வழக்கமான ஓட்டுநர் என்று அம்மாவின் பெயரைப் போட்டுவிடுகிறார்கள். ஓர் இரவு ஹிகின்சன் நெடுஞ்சாலையில் வண்டி தடுப்பில் மோதிவிடுகிறது. மகனுக்கு அடி இல்லை. "நீங்க ஓட்டினதா சொல்லிடுங்கம்மா" என்கிறான். அம்மாவும் சொல்லிவிடுகிறார். இதில் இரண்டு பொய்கள் இருக்கின்றன. ஒன்று பாலிசி எடுக்கும்போது சொன்னது, மற்றது கிளெய்ம் கேட்கும்போது சொன்னது. இரண்டாவதுதான் அம்மாவையும் சட்டச் சிக்கலுக்குள் இழுக்கிறது.

இன்னும் சில வகைகள் உண்டு. பின்பக்கம் இடிபட்ட வண்டியில், போன வருடம் முன்பக்கம் விழுந்த பள்ளத்தையும் சேர்த்துக் கேட்பது. இரவில் தெருவில் நிற்கும் வண்டியைப் பூட்டிய கேரேஜில் நிறுத்துவதாக எழுதுவது. சொந்த உபயோகம் என்று பாலிசி எடுத்துவிட்டு, செயலி வழியாகப் பயணிகளை ஏற்றிச் சம்பாதிப்பது. சனிக்கிழமை மோதிய வண்டிக்குத் திங்கட்கிழமை பாலிசி எடுத்து, விபத்து செவ்வாய்க்கிழமை நடந்ததாகச் சொல்வது.

பேனல் பீட்டர் கடையில், அதாவது இடிபட்ட வண்டியின் உடலைச் சரிசெய்யும் கடையில், நடப்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும். எக்ஸஸ் என்பது பழுதுச் செலவில் நாம் முதலில் கையிலிருந்து கட்ட வேண்டிய பங்கு. "அந்த எக்ஸஸை நானே பில்லுல ஏத்திடறேன், நீங்க ஒண்ணும் கட்ட வேணாம்" என்று கடைக்காரர் சொன்னால் அது உதவியாகத்தான் தெரியும். கட்டாத தொகையைக் கட்டியதாகவும், செய்யாத வேலையைச் செய்ததாகவும் காட்டும் பில் அது. தெரிந்தே அதற்குத் தலையாட்டியவரும் அந்தப் பொய்யில் பங்காளிதான்.

தவறாகச் சொல்வதெல்லாம் மோசடி ஆகிவிடாது. பதற்றத்தில் நேரத்தை மாற்றிச் சொல்வதும், தெருப் பெயரைக் குழப்புவதும் மனித இயல்பு. ஏமாற்றும் எண்ணம் இருந்ததா என்பதுதான் கேள்வி. அதை நிரூபிக்க வேண்டிய பொறுப்பும் காப்பீட்டு நிறுவனத்துடையது. பாலிசி எடுக்கும்போது தவறான தகவல் தந்திருந்தாலும், அது கம்பெனி எடுத்துக்கொண்ட ஆபத்தை மதிப்பிடுவதில் பெரிய வித்தியாசம் செய்திருக்க வேண்டும். அப்படி இல்லாத அற்ப விஷயத்தைக் காட்டிப் பாலிசியைச் செல்லாததாக்க முடியாது. 1998ஆம் ஆண்டின் குறுகியகாலக் காப்பீட்டுச் சட்டம், 53ஆம் பிரிவில், நியாயமான விவேகமுள்ள ஒரு மனிதர் அந்தத் தகவலை முக்கியமென்று கருதியிருப்பாரா என்பதையே அளவுகோலாக வைக்கிறது.

பொய்யான பகுதி மட்டும் கழியாது

எல்லோரும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் இதுதான். உண்மையான சேதம் 80,000 ராண்ட், கூட்டிச் சொன்னது 10,000 ராண்ட் என்று வைத்துக்கொள்வோம். பிடிபட்டால் அந்த 10,000 போகும், மீதி வந்துவிடும் என்று மனக்கணக்குப் போடுகிறார்கள். நடப்பது வேறு. இங்கே விற்கும் பாலிசிகளில் மோசடி பற்றிய ஒரு விதி வழக்கமாக இருக்கும். கிளெய்மில் ஏதாவது ஒரு பகுதி மோசடியாக இருந்தால் முழு கிளெய்மும் போய்விடும் என்பதே அதன் சாரம். ஒரு குடம் பாலில் ஒரு துளி விஷம் விழுந்த கதைதான்.

2023 ஜூனில் ப்ளூம்ஃபோன்டைனில் உள்ள உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. அது கார் வழக்கு இல்லை, வீட்டுக் காப்பீட்டு வழக்கு. புயலில் வீடு சேதமானது உண்மை. அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் வெளியே தங்கிய செலவுக்குப் பொய் ரசீதுகள் கொடுக்கப்பட்டிருந்தன. கீழ் நீதிமன்றம் உண்மையான பகுதியைக் காப்பாற்றப் பார்த்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. பாலிசியில் எழுதியிருந்தபடி சம்பவம் நடந்த நாளிலிருந்தே உரிமை போய்விட்டது என்றும், உண்மையான சேதத்துக்காக ஏற்கனவே கொடுத்த பணத்தையும் கம்பெனி திருப்பிக் கேட்கலாம் என்றும் தீர்ப்பளித்தது. கார் பாலிசியிலும் இதே மாதிரி வாசகம் இருந்தால் இதே தர்க்கம்தான் பொருந்தும். உங்கள் பாலிசியை எடுத்து அந்தப் பத்தியை ஒருமுறை படித்துப் பாருங்கள்.

வண்டி முழுதாக நொறுங்கியிருந்தால் நிலைமை இன்னும் மோசம். வங்கிக்கு 2 லட்சத்து 40 ஆயிரம் ராண்ட் பாக்கி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கிளெய்ம் மறுக்கப்பட்டதால் அந்தக் கடன் குறையாது. ஓடாத வண்டிக்கு மாதத் தவணை கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். வேலைக்குப் போக இன்னொரு வண்டிக்கும் வழி தேட வேண்டும்.

எதிர் வண்டிக்காரரையும் மறந்துவிடக் கூடாது. தவறு உங்களுடையது என்றால், அவருடைய பழுதுச் செலவை உங்கள் காப்பீடு கட்டியிருக்கும். அந்தப் பாதுகாப்பும் கிளெய்மோடு போய்விடுகிறது. அவரோ அவருடைய கம்பெனியோ உங்கள் மீது நேரடியாக வழக்குப் போடலாம். மோதியது விலை உயர்ந்த வண்டியாக இருந்தால் அந்தத் தொகை உங்கள் காரின் விலையையே தாண்டிப் போகும்.

அடுத்தது பாலிசி ரத்து. இங்கே புதிதாகக் காப்பீடு கேட்டுப் போன் செய்யும்போது, "எந்தக் கம்பெனியாவது உங்கள் பாலிசியை ரத்து செய்ததா, கிளெய்மை மறுத்ததா?" என்று கேட்பார்கள். உண்மையைச் சொன்னால் பிரீமியம் ஏறும், அல்லது கதவு மூடப்படும். மறைத்தால் அது புதிய பொய், புதிய பாலிசியும் அதில் ஆட்டம் காணும். கம்பெனிகள் கிளெய்ம் விவரங்களைத் தங்களுக்குள் பகிர்ந்துகொள்கின்றன. காப்பீட்டுக் குற்றங்களைத் துப்புத் துலக்கவே நிறுவனங்கள் சேர்ந்து நடத்தும் தனி அமைப்பும் இருக்கிறது. பெயர் ஒருமுறை அங்கே பதிந்துவிட்டால் கம்பெனி மாறுவதால் தப்பிக்க முடியாது. காப்பீடு கிடைக்காதவருக்கு வங்கிக் கடனில் வண்டி வாங்குவதும் கடினம்.

பணம் கைக்கு வராமலே குற்றம்

தென்னாப்பிரிக்காவில் மோசடி என்பது பொதுச் சட்டக் குற்றம். தெரிந்தே சட்டவிரோதமாகப் பொய்யான தோற்றத்தை உண்டாக்கி, அதனால் இன்னொருவருக்குப் பாதிப்பு ஏற்பட்டாலோ, ஏற்படக்கூடிய நிலை உருவானாலோ குற்றம் முழுமையாகிவிடும். "ஏற்படக்கூடிய நிலை" என்பதை நன்றாகக் கவனியுங்கள். கம்பெனி ஒரு ராண்ட்கூடத் தர வேண்டியதில்லை. கிளெய்ம் படிவத்தில் பொய் எழுதி அனுப்பிய அன்றே குற்றம் நடந்துவிட்டது. "அவங்கதான் பணமே தரலையே, அப்புறம் எப்படி மோசடி?" என்ற வாதம் இங்கே எடுபடாது.

பெரும்பாலும் அது தனியாகவும் வராது. வண்டி திருடு போனதாகக் காவல் நிலையத்தில் பொய்ப் புகார் கொடுத்துக் கேஸ் நம்பர் வாங்கினால் அது இன்னொரு குற்றம். சத்தியப் பிரமாண ஆணையர் முன் சத்தியம் செய்து கையெழுத்திட்ட வாக்குமூலம் பொய் என்றால், பொய்ச் சாட்சிக்கு உரிய தண்டனை அதற்கும் பொருந்தும். போலி ரசீது தயாரித்ததும், அதைக் கொண்டுபோய்க் கொடுத்ததும் தனித்தனிக் குற்றங்கள். நாம் ஒரே பொய் என்று நினைப்பது குற்றப்பத்திரிகையில் மூன்று நான்கு வரிகளாக நிற்கும்.

தண்டனை தொகையைப் பொறுத்தது. 1997ஆம் ஆண்டின் குற்றவியல் திருத்தச் சட்டப்படி, 5 லட்சம் ராண்டுக்கு மேற்பட்ட மோசடிக்கு முதல் முறைக் குற்றவாளிக்கே குறைந்தபட்சம் 15 ஆண்டு சிறை. கும்பலாகவோ, பொது நோக்கத்தோடு கூட்டாகவோ செய்திருந்தால் 1 லட்சம் ராண்டைத் தாண்டினாலே இந்தக் குறைந்தபட்சம் பொருந்தும். வலுவான காரணம் இருப்பதாகக் கண்டால் நீதிமன்றம் குறைக்கலாம், ஆனால் அந்தக் காரணம் நீதிமன்றத்தை ஏற்கவைப்பதாக இருக்க வேண்டும். இன்றைய கார் விலையில் 1 லட்சம் பெரிய தொகையே இல்லை. மோதிய வண்டியை இழுத்துப் போகும் டவ் டிரக் ஓட்டுநர், பேனல் பீட்டர், வண்டி உரிமையாளர் என்று மூன்று பேர் சேர்ந்து பேசி முடிவெடுத்தால் அது எந்தக் கணக்கில் வரும் என்று யோசித்துப் பாருங்கள். இந்த வரம்புகளுக்குக் கீழே வரும் வழக்குகளில் அபராதம், நிறுத்திவைக்கப்பட்ட சிறைத் தண்டனை, சிறை என்று எதுவும் வரலாம்.

கம்பெனி பெயர் கெட்டுவிடும் என்று அஞ்சிப் பேசாமல் விட்டுவிடும் என்றும் சிலர் எண்ணுகிறார்கள். 2004ஆம் ஆண்டின் ஊழல் தடுப்புச் சட்டத்தின் 34ஆம் பிரிவு, 1 லட்சம் ராண்டோ அதற்கு மேலோ உள்ள மோசடியை அறிந்த, அல்லது சந்தேகிக்கும் அதிகாரப் பொறுப்பில் உள்ளவர் அதைக் பெருங்குற்றங்களை விசாரிக்கும் காவல் துறையின் ஹாக்ஸ் பிரிவுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்கிறது. தெரிவிக்காவிட்டால் குற்றம் அவர் தலையில் விழும். காலம் கடந்தால் ஆறிப்போகும் என்பதும் இல்லை. மோசடிக்கு வழக்குத் தொடரும் உரிமை 20 ஆண்டுகள் நீடிக்கும்.

தண்டனை முடிந்த பிறகும் குற்றப் பதிவு நீங்காது. அபராதம் 20,000 ராண்டுக்கு மேல் போகாதது போன்ற இலகுவான தண்டனைகளில்கூட, பதிவை நீக்கச் சொல்லி விண்ணப்பிக்க 10 ஆண்டு காத்திருக்க வேண்டும். நேர்மை அடிப்படைத் தகுதியாக உள்ள நிதித் துறை வேலைகள் கைநழுவும். மோசடிக்காக, அபராதம் கட்டித் தப்பும் வாய்ப்பில்லாமல் சிறை சென்றவர், தண்டனை முடிந்து 5 ஆண்டு வரை கம்பெனி இயக்குநராக இருக்க முடியாது. டர்பனில் குடும்பமாகக் கடை, போக்குவரத்து, கட்டுமானம் நடத்தும் நம்மவர்களுக்கு இது எவ்வளவு பெரிய இடி என்று சொல்ல வேண்டியதில்லை. இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வேலை விசாவில் வந்தவர்களுக்குக் கவலை இன்னும் அதிகம். நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பிக்கும்போது காவல் துறைச் சான்றிதழ் கேட்பார்கள். நாளைக்கு வேறு நாட்டுக்குப் போக விண்ணப்பித்தாலும் இதே சான்றிதழ் கேட்கப்படலாம்.

எப்படித் தெரிந்துவிடுகிறது?

வண்டியே பேசிவிடுகிறது. ஏர்பேக் விரிந்த வண்டிகள் பலவற்றில் மோதலுக்கு முந்தைய வேகமும், சீட் பெல்ட் போட்டிருந்ததா என்பதும் பதிவாகியிருக்கும். திருட்டுக்குப் பயந்து இங்கே பெரும்பாலான கம்பெனிகள் டிராக்கர் பொருத்தச் சொல்கின்றன. அந்தக் கருவி வண்டி எப்போது எங்கே இருந்தது என்று காட்டும். மரியன்ஹில் சுங்கச்சாவடியைத் தாண்டிய நேரம், எண் பலகை படிக்கும் கேமராக்கள், கைப்பேசி விவரங்கள் எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். பள்ளத்தின் துருவைப் பார்த்தே சேதத்தை மதிப்பிட வரும் அனுபவமுள்ள அஸெஸர் அது பழையதா புதியதா என்று சொல்லிவிடுவார். இவை எதுவும் இல்லாத இடத்திலும், இரண்டு பேர் தனித்தனியாகச் சொல்லும் கதை மூன்றாவது கேள்வியில் பிரிந்துவிடும். அம்மாவிடம் சீட்டை எவ்வளவு முன்னால் இழுத்து வைத்திருந்தீர்கள் என்று கேட்டால் அவர் என்ன சொல்வார்?

குடித்துவிட்டு ஓட்டிய விபத்தில்தான் மக்கள் அதிகம் பதறிப் பொய் சொல்கிறார்கள் என்பது என் எண்ணம். 100 மில்லி ரத்தத்தில் 0.05 கிராம் என்பது சாதாரண ஓட்டுநருக்கான சட்ட வரம்பு. அதைத் தாண்டியிருந்தால் கம்பெனி எப்படியும் கிளெய்மை மறுக்கத்தான் செய்யும். அந்த இழப்பு ஏற்கனவே நடந்துவிட்டது. வேறொருவர் ஓட்டியதாகச் சொல்வதால் அது திரும்பி வராது, அதன் மேல் ஒரு மோசடிக் குற்றம்தான் சேரும், பெயர் கொடுத்த நண்பரும் மாட்டுவார். அண்ணன், தம்பி, மாமா என்று யாராவது உங்களிடம் "உன் பேரை மட்டும் கொடு" என்று கேட்டால், உறவுக்காகவேனும் மறுத்துவிடுங்கள்.

காயத்துக்கான இழப்பீட்டைப் பற்றி ஒரு வார்த்தை. அதைத் தருவது சாலை விபத்து நிதி. பெட்ரோல், டீசல் விலையில் சேர்த்து எல்லோரிடமும் வாங்கும் வரியிலிருந்து வரும் பணம் அது. வண்டிச் சேதத்துக்கு அது ஒன்றும் தராது. வண்டியில் இல்லாத ஒருவரைப் பயணி என்று சேர்த்துக் காயம் காட்டினால், அதுவும் அதே மோசடிக் குற்றம்தான். யாராவது ஏஜென்ட் வீட்டுக்கே வந்து, "கையெழுத்து மட்டும் போடுங்க, மத்ததை நாங்க பாத்துக்கறோம்" என்றால் அனுப்பிவிடுங்கள். கையெழுத்துப் போட்டவர்தான் நீதிமன்றத்தில் நிற்க வேண்டியிருக்கும்.

ஏற்கனவே சொல்லிவிட்டால்? சொல்லாமலே பழி வந்தால்?

படிவம் போய்விட்டது, பணம் இன்னும் வரவில்லை, மனது உறுத்துகிறது என்ற நிலையில் இருப்பவர் முதலில் ஒரு வழக்கறிஞரைப் பார்க்க வேண்டும். வசதி இல்லாதவர்களுக்கு அரசின் சட்ட உதவி அமைப்பு இருக்கிறது. கிளெய்மைத் திரும்பப் பெறுவதால் நடந்த குற்றம் சட்டப்படி அழிந்துவிடாது. ஆனால் பணம் வாங்கிச் செலவழித்த பிறகு பிடிபடுவதற்கும், முன்பே தானாக நிறுத்துவதற்கும் கம்பெனியின் பார்வையிலும் நீதிமன்றத்தின் பார்வையிலும் நிறைய வித்தியாசம் உண்டு. எதை எப்படி எழுத்தில் சொல்வது என்பதை வழக்கறிஞர் முடிவு செய்யட்டும். அதுவரை போனில் புதுக் கதை எதுவும் சொல்ல வேண்டாம். அந்த அழைப்புகள் பதிவாகின்றன.

மகன் ஓட்டும் வண்டிக்கு வழக்கமான ஓட்டுநர் என்று பாலிசியில் அம்மா பெயர் இருக்கிறது என்றால், விபத்து நடக்கும் முன்பே இன்றைக்குக் கம்பெனிக்குப் போன் செய்து மாற்றிவிடலாம். பிரீமியம் ஏறும், உண்மைதான். அந்தக் கூடுதல் தொகைக்குத்தான் மகன் ஓட்டும்போதும் காப்பீடு செல்லும். விபத்தில் யாருக்காவது காயமோ உயிரிழப்போ ஏற்பட்டால் 24 மணி நேரத்துக்குள்ளும், மற்ற விபத்துகளில் அடுத்து வரும் முதல் வேலை நாளிலும் காவல் நிலையத்தில் தெரிவிக்க வேண்டும் என்பது சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் விதி. அப்போதே படம் எடுத்து, நடந்ததை அன்றைக்கே தாளில் எழுதி வைத்துக்கொண்டால், பிறகு யார் எத்தனை முறை கேட்டாலும் பதில் மாறாது.

பொய்யே சொல்லாதவர் மீதும் சில சமயம் மோசடிப் பழி விழுகிறது. அப்போது பயந்து ஒதுங்கிவிடாதீர்கள். கிளெய்மை மறுக்கும் கம்பெனி காரணத்தை எழுத்தில் தர வேண்டும். அந்தக் கடிதம் கிடைத்த நாளிலிருந்து ஆட்சேபிக்கக் குறைந்தது 90 நாள் உங்களுக்கு உண்டு. வழக்குப் போடுவதற்குக் கம்பெனி கெடு வைத்தால், அது அந்த 90 நாளுக்குப் பிறகு ஆறு மாதத்துக்குக் குறையக் கூடாது. குற்ற வழக்கில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும். கிளெய்ம் தகராறில் எது அதிகம் நம்பத்தக்கது என்று மட்டுமே பார்ப்பார்கள். அதனால் போலீஸ் வழக்குத் தள்ளுபடியானாலும் காப்பீட்டுப் பணம் தானாக வந்துவிடாது, அதற்குத் தனியாகப் போராட வேண்டும்.

கம்பெனியின் பதில் திருப்தி தராவிட்டால், 2024 மார்ச் 1 முதல் இயங்கும் தேசிய நிதிசார் குறைதீர்ப்பு அமைப்புக்குப் போகலாம். முன்பு காப்பீட்டுக்கும் வங்கிக்கும் தனித்தனியாக இருந்த குறைதீர்ப்பாளர்களை ஒன்றாக்கி உருவானது அது. கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் தேவையில்லை. கம்பெனியிடம் முதலில் புகார் கொடுத்து, அதன் பதிலைக் கையில் வைத்துக்கொண்டு போக வேண்டும்.